உஷாகாவுக்கு நடந்தே போகிற தூரத்தில் கட்டுப்படியான ஹோட்டல்: எதைப் பார்த்து எடுப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஜூலைப் பள்ளி விடுமுறையில் ஜோஹன்னஸ்பர்கிலிருந்து டர்பனுக்கு நான்கு நாள் வருகிறீர்கள். நீங்கள், மனைவி, ஒன்பது வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள், சென்னையிலிருந்து வந்திருக்கும் உங்கள் அம்மா. விமானத்தில் வருவதால் கார் கிடையாது. உஷாகா மரைன் வேர்ல்ட் என்ற கடல் விலங்கு, நீர் விளையாட்டுப் பூங்காவுக்கு நடந்தே போய் வரக்கூடிய, கையைக் கடிக்காத ஹோட்டலாக ஒன்று சொல்லுங்கள் என்கிறீர்கள். ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் இந்தக் கடற்கரை ஹோட்டல்களில் ரிசர்வேஷன் மேசையில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரியும், இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் வந்த பிறகு வருத்தப்படுவது இரண்டு விஷயத்துக்காக. ஒன்று, நடக்கிற தூரம் என்று நினைத்தது நடக்கிற மாதிரி இருக்காது. இரண்டு, மலிவு என்று நினைத்தது ஐந்து பேருக்குக் கணக்குப் போட்டால் மலிவாக இருக்காது. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம், பெயர்களும் வழியில் வரும்.

முதலில் இடம். உஷாகா இருப்பது கோல்டன் மைல் என்று சொல்லும் கடற்கரைப் பட்டையின் தென்கோடியில், துறைமுகத்துக்கும் கடலுக்கும் நடுவே நீண்டிருக்கும் பாயின்ட் பகுதியில். 2004இல் திறந்தார்கள். பழைய கப்பல் உடைந்து கிடக்கிற மாதிரி கட்டியிருக்கும் மீன் காட்சியகம், டால்பின் அரங்கம், பெங்குவின், சீல் எல்லாம் சேர்ந்தது சீ வேர்ல்ட். சறுக்குகளும் குளங்களும் உள்ள நீர் விளையாட்டுப் பகுதி வெட் அண்ட் வைல்ட். கடைகளும் உணவகங்களும் உள்ள வில்லேஜ் வாக்குக்கு டிக்கெட் தேவையில்லை. உங்கள் ஊர் கோல்ட் ரீஃப் சிட்டியில் பூங்காவோடு சேர்ந்தே ஹோட்டல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், இங்கே அப்படி இல்லை. தங்குமிடம் எல்லாமே வாசலுக்கு வெளியேதான், அதனால்தான் எந்தத் தெரு என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

உஷாகா வாசலிலிருந்து வடக்கே கடலை ஒட்டி ஒரு அகலமான நடைபாதை போகிறது. ப்ராமனேட் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். வடக்கே உம்கேனி ஆறு கடலில் கலக்கும் ப்ளூ லகூன் வரைக்கும் வண்டி குறுக்கிடாமல் நடக்கலாம், தெற்குப் பக்கம் 2019இல் துறைமுக முகத்துவாரம் வரை நீட்டினார்கள். காலையில் ஓடுகிறவர்கள், சைக்கிள்காரர்கள், தள்ளுவண்டியில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகிற குடும்பங்கள், மணி கட்டிய தலைப்பாகையோடு ரிக்‌ஷாக்காரர்கள் என்று எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்கும், காவலர்களும் சுற்றுவார்கள், உட்கார பெஞ்சு உண்டு, தரை சமமாக இருக்கும். உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பாதையில் ஒன்றரை கிலோமீட்டர் அவரால் உட்கார்ந்து உட்கார்ந்து வந்துவிட முடியும்.

இதே உஷாகாவிலிருந்து உள்பக்கமாகப் போகிற தெருக்கள் வேறு மாதிரி. பழைய பாயின்ட் ரோடு, இப்போது மகாத்மா காந்தி ரோடு, அதற்கும் கடற்கரைச் சாலைக்கும் இடையே உள்ள குறுக்குத் தெருக்கள், இவற்றில் பகலில் வேலையாகப் போய் வருவதில் பெரிய சிக்கல் இல்லை என்றாலும், பிள்ளைகளையும் பையையும் வைத்துக்கொண்டு அந்தி நேரத்தில் நடக்கிற தெருக்கள் அவை அல்ல. பாயின்ட் பகுதி முன்பைவிட எவ்வளவோ தேறியிருக்கிறது, புதுக் கட்டடங்கள் வந்திருக்கின்றன, இன்னும் எவ்வளவு தேறியிருக்கிறது என்பதில் அங்கேயே குடியிருப்பவர்களுக்குள்ளும் கருத்து ஒன்றாக இல்லை. ஆனால் இருட்டிய பிறகு உள்தெருவில் நடக்காதீர்கள் என்பதில் இங்கே யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்.

அதனால் என் முதல் விதி இது: தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள், ப்ராமனேடை விட்டு எத்தனை தெரு உள்ளே போக வேண்டும் என்று அளங்கள். உஷாகாவிலிருந்து அறுநூறு மீட்டரில் உள்தெருவில் இருக்கும் மலிவு லாட்ஜைவிட, ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ப்ராமனேடைப் பார்த்து வாசல் வைத்திருக்கும் ஹோட்டல் உங்களுக்குக் கிட்டம். கூகுள் மேப்பில் நடைவழி கேட்டால் அது குறுக்கு வழி என்று உள்தெருவைக் காட்டும், அதை நம்பிக் கிளம்பாதீர்கள். ஹோட்டல் விளம்பரத்தில் ‘உஷாகாவிலிருந்து ஐந்து நிமிடம்’ என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் கார் நிமிடம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, போகிற நடையைவிடத் திரும்பி வருகிற நடையைப் பற்றி யோசியுங்கள். காலையில் எல்லோரும் உற்சாகமாக நடப்பார்கள். பூங்கா மாலை 5 மணிவாக்கில் மூடும்போது நான்கு வயதுப் பிள்ளை உங்கள் தோளில் தூங்கிக்கொண்டிருக்கும், ஈரத் துணிப்பை ஒரு கையில் இருக்கும், அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கும். இதில் ஜூலைக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. ஜோஹன்னஸ்பர்கைவிட டர்பன் கிழக்கே இருக்கிறது, கடிகாரம் ஒன்றுதான், அதனால் குளிர்காலத்தில் இங்கே சீக்கிரம் இருட்டும். ஜூலை தொடக்கத்தில் 5:10 அளவில் சூரியன் மறைந்துவிடும். டிசம்பரில் வருகிறவர்களுக்கு ஏழு மணிவரை வெளிச்சம் இருப்பதால் அவர்கள் எழுதுகிற விமர்சனத்தில் ‘ஜாலியாக நடந்து வந்தோம்’ என்று இருக்கும், அது உங்கள் பயணத்துக்குப் பொருந்தாது. நாலு மணிக்கே கிளம்பினால் வெளிச்சத்தில் ப்ராமனேட் வழியாகவே வரலாம். கடைசி வரை இருந்தால் வில்லேஜ் வாக் வாசலில் நின்று ஊபரோ போல்ட்டோ கூப்பிடுங்கள், கடற்கரை ஹோட்டல்களுக்கு அது மிகக் குறைந்த தூரச் சவாரிதான். போகும்போது நடை, திரும்பும்போது வண்டி என்று வைத்துக்கொண்டால் நீங்கள் தேடக்கூடிய இடத்தின் பரப்பு இரண்டு மடங்காகிறது, விலையும் இறங்குகிறது. ஹோட்டல் வாசலில் கொஞ்ச நேரம் நின்று இதைச் சொல்வதற்காகவே நான் எத்தனையோ குடும்பங்களை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

சரி, இனி தெற்கிலிருந்து வடக்காகப் போவோம். உஷாகாவுக்கு ரொம்பக் கிட்டத்தில் இருப்பது பாயின்ட் வாட்டர்ஃப்ரண்டின் அடுக்குமாடி வீடுகள். செயற்கைக் கால்வாய்களை ஒட்டிக் கட்டியவை, கேட், காவல், உள்ளே பார்க்கிங் எல்லாம் உண்டு. வீட்டுக்காரர்களே ஏர்பிஎன்பி மாதிரித் தளங்களில் வாடகைக்கு விடுகிறார்கள். அடுத்து, ஆடிங்டன் மருத்துவமனைப் பக்கம் எர்ஸ்கின் டெரஸில் சில்வர் சாண்ட்ஸ் மாதிரி, நாமே சமைத்துக்கொள்ளும் செல்ஃப் கேட்டரிங் கட்டடங்கள், உஷாகாவிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்குள். அதற்கும் வடக்கே சவுத் பீச், அங்கே ஓ.ஆர். டாம்போ பரேடில் டர்பன் ஸ்பா, கார்டன் கோர்ட் சவுத் பீச் போன்றவை, சுமார் ஒன்றரை கிலோமீட்டர். இந்தச் சாலைக்கு மரைன் பரேட் என்பது பழைய பெயர், டாக்சிக்காரர்கள் இரண்டையும் சொல்வார்கள். இன்னும் வடக்கே போனால் எட்வர்ட், கார்டன் கோர்ட் மரைன் பரேட், அதைத் தாண்டி எலங்கேனி, மகாராணி, இவையெல்லாம் இரண்டு முதல் இரண்டரை கிலோமீட்டருக்கு மேல். ஒன்பது வயதுக்காரன் நடப்பான், சின்னதுக்கும் அம்மாவுக்கும் அது நடை இல்லை.

இப்போது விலை. ரேண்டில் ஒரு எண்ணை இங்கே எழுதினால் அது நீங்கள் புக் செய்கிற வாரத்தில் பொய்யாகிவிடும். ஒரே அறைக்குச் செவ்வாய்க்கிழமை ஒரு விலை, சனிக்கிழமை ஒரு விலை, அதுவும் ஜூலையில் ஒவ்வொரு வாரமும் வேறு. ஆனால் விலை எப்படிக் கட்டப்படுகிறது என்பது மாறுவதில்லை, அதைத் தெரிந்துகொண்டால் போதும். தென்னாப்பிரிக்காவில் பல இடங்களில் விலையை ‘பெர் பெர்சன் ஷேரிங்’ என்று போடுவார்கள். இரண்டு பேர் ஒரு அறையில் தங்கினால் ஆளுக்கு இவ்வளவு என்று பொருள். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் அதை அறை வாடகை என்று நினைத்துவிடுகிறார்கள், ரிசப்ஷனில் பில் இரட்டிப்பாக நிற்கும்போதுதான் தெரிகிறது. அதே முறையில் ஒருவர் தனியாக ஒரு அறையில் இருந்தால் ‘சிங்கிள் சப்ளிமெண்ட்’ என்று கூடுதலாகச் சேர்ப்பார்கள். உங்கள் குடும்பத்துக்கு இது நேரடியாக வந்து விழும்: நீங்கள் நால்வர் ஒரு அறை, அம்மாவுக்குத் தனி அறை என்று போட்டால் மிகக் கூடுதல் விலையில் முடியும். அம்மாவோடு பெரிய பிள்ளையைச் சேர்த்துப் போட்டு, பிள்ளைக் கட்டணம் எப்படி என்று கேளுங்கள். சங்கிலி ஹோட்டல்கள் பலவற்றில் பெற்றோர் அறையில் தங்கும் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை அல்லது மிகக் குறைவு, சிலவற்றில் காலை உணவும் சேர்த்தி. ஆனால் அந்தச் சலுகை ‘பெற்றோருடன்’ என்றிருக்கிறதா, ‘பெரியவருடன்’ என்றிருக்கிறதா என்பதைப் பொறுத்து பாட்டியோடு தங்கும் பேரனுக்குக் கிடைக்கும் அல்லது கிடைக்காமல் போகும். இதை இணையத்தில் தேடிப் பயனில்லை, போனில் கேட்க வேண்டியது.

சாதாரண ஹோட்டல் அறை இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள் என்பதோடு நின்றுவிடும். ஐந்தாவது ஆளைக் கட்டிலுக்கு நடுவே படுக்க வைக்கிறேன் என்று சொன்னாலும் விடமாட்டார்கள், தீ பாதுகாப்பு விதி அது. ஆகவே ஹோட்டல் என்றால் உங்களுக்கு இரண்டு அறை. இங்கேதான் செல்ஃப் கேட்டரிங் முன்னுக்கு வருகிறது. டர்பன் கடற்கரையில் ‘ஃபோர் ஸ்லீப்பர்’, ‘சிக்ஸ் ஸ்லீப்பர்’ என்று வாடகைக்கு விடும் சின்ன வீடுகள் ஏராளம், சமையல் மேடை, ஃப்ரிட்ஜ், பாத்திரம் எல்லாம் இருக்கும். விலை வீட்டுக்குத்தான், ஆளுக்கு இல்லை. ஐந்து பேருக்கு ஒரு சிக்ஸ் ஸ்லீப்பர், இரண்டு ஹோட்டல் அறையைவிடக் குறைவாக வருவது வழக்கம். இதில் கவனிக்க வேண்டியது, சிக்ஸ் ஸ்லீப்பர் என்பதில் இரண்டு பேர் பெரும்பாலும் ஹாலில் உள்ள மடக்குச் சோபாவில் படுப்பதாகக் கணக்கு. அம்மாவை அதில் படுக்க வைக்க முடியாது. எத்தனை படுக்கையறை, எத்தனை உண்மையான கட்டில் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டிலும் செல்ஃப் கேட்டரிங் உங்களுக்கு உதவும், அம்மா சைவம் என்பதால் இன்னும் அதிகம். பூங்காவுக்குள்ளும் கடற்கரையிலும் கிடைப்பது பெரும்பாலும் பர்கர், சிப்ஸ், மீன், கோழி. ஐந்து பேர் மூன்று வேளை வெளியே சாப்பிட்டால் அறை வாடகையில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். ஒரு சின்ன குக்கரும் ரசப்பொடியும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள், அரிசி, பால், தயிர், காய் எல்லாம் செக்கர்ஸ் சிக்ஸ்டி60 ஆப்பில் போட்டால் வாசலுக்கே வரும். நல்ல சைவச் சாப்பாடு வெளியே வேண்டுமென்றால் பழைய கிரே ஸ்ட்ரீட், இப்போது டாக்டர் யூசுஃப் டாடூ ஸ்ட்ரீட், அந்தப் பக்கம் பகலில் வண்டியில் போய் வாருங்கள், விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் மசாலாவும் வாங்கிக்கொள்ளலாம். அம்மாவுக்கு அது பூங்காவைவிடப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். சென்னையிலிருந்து வந்தவரிடம் இதையும் சொல்லுங்கள்: ஒப்பந்தக் கூலிகளாக மதராஸிலிருந்து நம்மவர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16இல் வந்து சேர்ந்தது இந்தத் துறைமுகத்துக்குத்தான். உஷாகாவிலிருந்து ப்ராமனேடில் தெற்கே முகத்துவாரம் வரை நடந்தால் கப்பல்கள் உள்ளே வருவதை மிகப் பக்கத்தில் பார்க்கலாம்.

செல்ஃப் கேட்டரிங்கில் மூன்று தொல்லைகள் உண்டு, மூன்றாவதுதான் பெரியது. முதலாவது, இந்தக் கட்டடங்களில் பல, ஆண்டில் சில வாரம் என்று பலர் பங்குபோட்டு வைத்திருக்கும் டைம்ஷேர் முறையில் உள்ளவை. அவற்றை முழு வாரம், வார நடு, வார இறுதி என்று துண்டு துண்டாகத்தான் விடுவார்கள். வார நடு என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை. உங்கள் நான்கு நாள் வியாழன் முதல் ஞாயிறு வரை என்றிருந்தால் இரண்டு துண்டுக்கும் பணம் கட்ட நேரிடும். விடுமுறையில்தானே வருகிறீர்கள், திங்கள் முதல் வெள்ளி என்று நாளை மாற்றிக்கொண்டால் வாடகை, கூட்டம் இரண்டும் குறையும். இரண்டாவது, கட்டட விதிகள். சாவிக்கு, உடைசலுக்கு என்று டெபாசிட் வாங்குவார்கள், துவாலை இருக்கும் அல்லது இருக்காது, விடுமுறைக் காலத்தில் தங்குகிறவர்கள் கையில் பட்டை கட்டிவிட்டு, வெளி ஆட்களை உள்ளே விடமாட்டார்கள். நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் புறநகர்களில் உங்களுக்குத் தெரிந்த குடும்பம் இருந்து, அவர்களை மாலையில் சாப்பிடக் கூப்பிடலாம் என்று நினைத்திருந்தால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஏமாற்று. தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். விடுமுறைக்கு முன்னால் ஃபேஸ்புக்கில் ‘டர்பன் பீச்ஃப்ரண்ட், சிக்ஸ் ஸ்லீப்பர், கடல் பார்த்தது’ என்று அழகான படங்களோடு விளம்பரம் வரும், விலை மற்ற எல்லாவற்றையும்விடக் குறைவாக இருக்கும், இன்றைக்கே பாதிப் பணம் போட்டால்தான் கிடைக்கும் என்பார்கள். படங்கள் வேறொருவர் வீட்டுடையவை, பணம் போன பிறகு நம்பர் வேலை செய்யாது. பையும் பிள்ளையுமாக ராத்திரி நேரத்தில் வந்து நின்று, அப்படி ஒரு வீடே வாடகைக்கு இல்லை என்று கேட்டு அழுத குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன், எங்கள் ஹோட்டலில் இடம் இல்லாத இரவுகளில் அவர்களை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். எனவே தனி ஆள் விடும் வீடு என்றால் கட்டடத்தின் பெயரையும் வீட்டு எண்ணையும் வாங்குங்கள். கட்டடத்தின் ரிசப்ஷன் நம்பரை விளம்பரத்திலிருந்து எடுக்காமல் நீங்களாகத் தேடி எடுத்து, இந்த எண்ணுள்ள வீட்டை இந்தப் பெயருள்ளவர் வாடகைக்கு விடுகிறாரா என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பெயரும் எண்ணும் தர மறுப்பவரிடம் பேச்சை நிறுத்திவிடலாம். வங்கிக் கணக்குக்கு நேராகப் பணம் போடுவதைவிட, பணத்தைத் தளமே பிடித்து வைத்துக்கொள்ளும் ஏர்பிஎன்பி போன்றவற்றின் வழியாகப் போவது பாதுகாப்பு, கட்டணம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. ஏர்பிஎன்பியில் புக் செய்யும் வரை வரைபடத்தில் சரியான இடம் தெரியாது, சுமாரான வட்டம்தான். அதனால் அங்கேயும் கட்டடத்தின் பெயரைச் செய்தியில் கேட்டுவிடுங்கள், ப்ராமனேட் பக்கமா உள்பக்கமா என்பது அப்போதுதான் தெரியும்.

கடல் பார்த்த அறைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். டிசம்பரில் கேட்டிருந்தால் வேண்டாம் என்பேன், அறையில் யார் உட்காரப் போகிறார்கள். ஜூலை வேறு. சீக்கிரம் இருட்டுகிறது, மாலையில் அறைக்குள் இருக்கும் நேரம் அதிகம், அம்மா ஒரு நாளாவது பூங்காவுக்கு வராமல் ஓய்வெடுப்பார். அந்த மாதங்களில் ஹம்ப்பேக் திமிங்கலங்கள் இந்தக் கடல் வழியாக வடக்கே போகின்றன, மேல்மாடி ஜன்னலிலிருந்து காற்றில்லாத காலையில் அவை நீர் பீய்ச்சுவது தெரியும், தினமும் தெரியும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. வித்தியாசம் சிறியதாக இருந்தால் கொடுங்கள். உள்பக்கம் பார்த்த அறை எடுத்தால் மேல்தளமாகக் கேளுங்கள், கீழ்த்தளங்களில் அதிகாலையிலிருந்தே மினிபஸ் டாக்சிகளின் ஹார்ன் கேட்கும். ஏசிக்கு ஜூலையில் பணம் கொடுக்கத் தேவையே இல்லை, பகலில் இருபத்திரண்டு, இருபத்துமூன்று டிகிரிதான். அதே அறையை ஜனவரி புழுக்கத்தில் ஏசி இல்லாமல் எடுத்தால் தூக்கம் வராது, அதனால் ‘ஏசி இல்லை, கொடுமை’ என்ற விமர்சனத்தின் மாதத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

விமர்சனங்களைப் படிக்கும்போது நட்சத்திரத்தைப் பார்ப்பதைவிட, புதியவை முதலில் என்று வரிசைப்படுத்தி, லிஃப்ட், வெந்நீர், தண்ணீர், சத்தம் ஆகிய நான்கு சொற்களைத் தேடுங்கள். கடற்கரைக் கட்டடங்களில் பல பழையவை, உப்புக்காற்று இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும், லிஃப்ட் கெட்டுப்போவது அடிக்கடி நடப்பது. பத்தாம் மாடியில் அறை, ஒரே லிஃப்ட், அதுவும் ரிப்பேர் என்றால் அம்மாவின் விடுமுறை அங்கேயே முடிந்துவிடும். எத்தனை லிஃப்ட் ஓடுகிறது என்று கேட்பதில் கூச்சப்படாதீர்கள். தண்ணீர் விஷயம், டர்பனில் குழாய்த் தண்ணீர் சில நாட்களில் திடீரென்று நின்றுபோவது உண்டு, கட்டடத்துக்குச் சொந்தமாகச் சேமிப்புத் தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். மின்வெட்டு முன்பு போல இல்லை என்றாலும் ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் சேர்த்தா, விளக்குக்கு மட்டுமா என்பதும் அதே போனில் கேட்டுவிட வேண்டியது. கடலில் குளிக்கிற ஆசை இருந்தால் வருகிற வாரத்தில் எந்தக் கடற்கரை திறந்திருக்கிறது என்று மாநகராட்சி அறிவிப்பைப் பாருங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் சேதமான பிறகு, நீரின் தரம் சரியில்லாத நாட்களில் சில கடற்கரைகளை மூடுவது நடந்திருக்கிறது. பூங்காவுக்குள் இருக்கும் குளங்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

தேதியில் ஒரே ஒரு எச்சரிக்கை. ஜூலை முதல் சனிக்கிழமை கிரேவில் மைதானத்தில் டர்பன் ஜூலைக் குதிரைப் பந்தயம். அந்த வார இறுதியில் கடற்கரை முழுக்க அறை விலை ஏறிவிடும், சத்தமும் அதிகம். உங்கள் நாட்கள் அதோடு மோதினால் அடுத்த திங்கட்கிழமைக்குத் தள்ளிவிடுங்கள். பின்னால் ஒருமுறை ஈஸ்டருக்கு வர நினைத்தால், இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு நாடு முழுவதிலிருந்தும் நம்மவர்கள் வரும் சமயம் அது, பல மாதம் முன்பே புக் செய்ய வேண்டும்.

பூங்காவைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எத்தனை இரவு தங்குவது என்பது அதைப் பொறுத்தது. வெட் அண்ட் வைல்ட் பகுதியைக் கூட்டம் குறைந்த காலத்தில் வாரத்தில் சில நாள் மூடி வைப்பார்கள், பள்ளி விடுமுறையில் பொதுவாகத் திறந்திருக்கும், ஆனாலும் உங்கள் தேதிக்கு அவர்களுடைய தளத்தில் பார்த்த பிறகே ஹோட்டலுக்குப் பணம் கட்டுங்கள். ஜூலையில் தண்ணீர் குளிராகத்தான் இருக்கும். பெரியவன் கவலைப்படமாட்டான், சின்னதுக்கு பதினொன்றிலிருந்து இரண்டு மணிவரை வெயிலில் விளையாடவிட்டு, துவட்டி, சீ வேர்ல்டுக்குள் கூட்டிப்போய்விடுங்கள். இரண்டுக்கும் சேர்ந்த டிக்கெட் எடுத்து ஒரே நாளில் ஓடுவதைவிட, ஹோட்டல் நடை தூரத்தில் இருப்பதால், இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வது உங்கள் குடும்பத்துக்குச் சரியாக இருக்கும், தனித்தனி டிக்கெட்டுக்கும் சேர்ந்த டிக்கெட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குச் சறுக்கு டிக்கெட் வாங்காதீர்கள், சீ வேர்ல்ட் போதும், மூத்தவர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டா என்று கவுண்டரில் கேளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வரிசையில் தேடுவேன். முதலில் சவுத் பீச்சுக்கும் ஆடிங்டனுக்கும் இடையே, ப்ராமனேட் பக்கம், இரண்டு படுக்கையறையுள்ள சிக்ஸ் ஸ்லீப்பர், திங்கள் முதல் வெள்ளி. அது கிடைக்காவிட்டால் பாயின்ட் வாட்டர்ஃப்ரண்டில் கேட்டுக்குள் இருக்கும் வீடு; தூரத்தில் இதுதான் கிட்டம், ஆனால் மாலையில் வாசலை விட்டு இறங்கி நடக்க அங்கே சவுத் பீச் அளவுக்கு ஆள் நடமாட்டம் இருக்காது, அதனால்தான் இரண்டாவதாக வைக்கிறேன். சமைக்கவே வேண்டாம், மனைவிக்கும் விடுமுறை வேண்டும் என்றால், அது நியாயமான காரணம், சவுத் பீச் பக்கத்துச் சங்கிலி ஹோட்டலில் காலை உணவோடு இரண்டு அறை, உள்கதவால் இணைந்த அறைகள் இருக்கிறதா என்று கேட்டு எடுங்கள். உள்தெருவில் இருக்கும் மிக மலிவான இடங்களை, விலை பாதியாக இருந்தாலும், இந்தக் குடும்பத்துக்கு நான் எடுக்கமாட்டேன். தனியாக வருகிற இளைஞராக இருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும்.

கடைசியாக, கிங் ஷாகா விமான நிலையம் ஊருக்கு வடக்கே ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர். ஐந்து பேர், பெட்டிகள் என்றால் சாதாரண ஊபர் கார் போதாது, ஆறு பேர் ஏறும் வண்டியாகப் போட வேண்டும், அல்லது தங்குமிடத்திலேயே ஷட்டில் ஏற்பாடு செய்வார்களா என்று கேட்க வேண்டும். போக வர இந்தச் செலவையும் சேர்த்து, அந்த நான்கு நாளுக்குச் சின்ன வாடகைக் கார் எடுத்தால் எவ்வளவு, கட்டடத்தில் பார்க்கிங் இலவசமா என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். சில வாரங்களில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும், அப்போது கார் எடுத்துவிடுவது நல்லது. தேதி முடிவானதும் இங்கேயே எழுதுங்கள், நீங்கள் பார்த்து வைத்திருக்கும் கட்டடத்தின் பெயரைச் சொன்னால் அது எந்தத் தெருவைப் பார்த்து நிற்கிறது என்று சொல்கிறேன்.